வானத்துக் கண்ணாடி

இரவில் சற்றுத் தொலைவிலுள்ள மத்திய அலை நிலையம் ஓங்கி, மங்கி, மறுபடி ஓங்குவதை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். பெட்டியில் பிழையில்லை. நிலத்தோடு வரும் அலையும் வானில் பட்டுத் திரும்பும் அலையும் இசைந்தால் ஒலி வலுக்கும், முரண்பட்டால் தேயும்.

மேலே மின்னேறிய படையொன்று உண்டென 1902இல் கெனலியும் ஹெவிசைட்டும் ஊகித்தார்கள். யார் கண்டது? 1924 டிசம்பரில் ஓர் இரவு, நிகழ்ச்சிகள் முடிந்தபின், பீ.பீ.சீ.யின் போண்மத் நிலையம் அலைநீளத்தை மெல்ல மெல்ல மாற்றியது. பாட்டும் பேச்சும் சுமந்த நிலையம் அன்று அளவுகோலாயிற்று! ஒக்ஸ்போர்ட்டில் அப்பிள்டனும் பார்னெட்டும் அலையின் ஏற்ற இறக்கங்களை எண்ணினார்கள். அவ்வெண்ணிக்கையிலிருந்து இரு பாதைகளின் நீள வேறுபாடும், அதிலிருந்து படையின் உயரமும் கிடைத்தன: ஏறக்குறைய 90 கிலோமீற்றர்.

பகலில் இந்த விளையாட்டு இல்லை. வெயில் அதற்குக் கீழே உண்டாக்கும் இன்னொரு படை, மேலேறும் மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது.