கந்தையும் கலையும்

ஊசியும் நூலும் இல்லாத இல்லம் அரிது. கிழிந்த இடத்தைத் தைத்தலும், நைந்த இடத்தில் ஒட்டுப் போடுதலும் எல்லா வீடுகளிலும் நாள்தோறும் நிகழும் சிறு தொழில்கள். அவற்றைக் கலை என்று எவரும் கருதுவதில்லை. ஆயினும், இச்சிறு தொழிலே ஒரு நாட்டில் பெருங்கலையாக வளர்ந்து, உலகத்து அருங்காட்சியகங்களில் இடம் பெற்றது. அந்நாடு வங்காளம், அக்கலை 'காந்தா' எனப்படும் தையற்கலை.

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வங்கத்துப் பெண்கள் கந்தையைக் கசக்கிக் கட்டியதோடு அமையாமல், அதனை அடுக்கித் தைத்துப் போர்வையாக்கினர். அப்போர்வையின்மீது பூவும் மரமும் யானையும் தேரும் ஊசியால் எழுதினர். வடமொழியில் 'கந்தா' என்னும் சொல் பழந்துணியையும், ஒட்டுப் போட்ட ஆடையையும் குறிக்கும். நம் மொழியிலுள்ள 'கந்தை' என்னும் சொல் ஒலியாலும் பொருளாலும் அதனோடு நெருங்கியிருப்பதை நீங்கள் எளிதில் உணரலாம். எளியவர் உடுத்துக் கழித்த துணியின் பெயரே ஒரு கலையின் பெயராயிற்று.

இக்கலை எவ்வாறு தோன்றியது? வங்கநாட்டில் மார்கழி, தைத் திங்களில் குளிர் உண்டு; ஆயினும் அது கம்பளம் வேண்டும் அளவுக்குக் கடுங்குளிர் அன்று. பருத்திப் புடைவைகளும் வேட்டிகளும் பலமுறை துவைக்கப்பட்டு மென்மை அடைந்தபின், அவற்றை எறிந்துவிட மனமின்றிச் சில அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று விரித்துத் தைத்தனர். அடுக்குகளுக்கு இடையே சிறிது காற்றுத் தங்குகிறது. காற்று வெப்பத்தை எளிதில் வெளியே கடத்தாது. ஆகவே, உடலின் சூடு உள்ளேயே நிற்கிறது. பஞ்சு திணிக்காமலே இப்போர்வை குளிரைத் தடுப்பதன் காரணம் இதுவே. புதுத்துணியைவிடப் பழந்துணி மெத்தென்று இருத்தலால், பிறந்த குழந்தையைச் சுற்றுவதற்கும் அதுவே ஏற்றதாயிற்று.

தைக்கும் நூலையும் அவர்கள் கடையில் வாங்கவில்லை. பழம்புடைவையின் கரையிலிருந்து சிவப்பு, நீலம், கறுப்பு நிற இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தனர். துணியும் பழையது, நூலும் பழையது. புதியதாக அங்கே சேர்ந்தவை இரண்டே: கையின் உழைப்பும், நெஞ்சின் கற்பனையும்.

காந்தாவுக்கு உரிய தையல் மிக எளியது. ஊசி துணிக்குள் மூழ்கி மேலெழுந்து, மீண்டும் மூழ்கி மேலெழுந்து ஒரே நேராக ஓடும். இதனை ஓட்டுத்தையல் என்பர். ஊசி பிடிக்கக் கற்கும் சிறுமி முதன்முதலில் பயிலும் தையல் இதுவே. இந்த ஒரு தையலைக் கொண்டே அவர்கள் பல வேற்றுமைகளைப் படைத்தனர். முதலில் உருவத்தின் விளிம்பைத் தைப்பர். பின்னர் உருவத்தின் உட்புறத்தை வண்ண நூலால் நிரப்புவர். அதன்பின், உருவத்தைச் சுற்றிலும் உள்ள வெற்றிடத்தை வெள்ளை நூலால் வரிவரியாகத் தைப்பர். நூல் துணியைச் சற்றே இழுத்துப் பிடிப்பதால், வெள்ளைப் பரப்பெங்கும் குளத்து நீரில் காற்று எழுப்பும் சிற்றலை போன்ற மடிப்புகள் தோன்றும். இவ்வலையே காந்தாவின் அடையாளம்.

போர்வையின் நடுவில் பெரும்பாலும் விரிந்த தாமரை ஒன்று அமைந்திருக்கும். நான்கு மூலைகளிலும் நான்கு மரங்கள், அவற்றின் கிளைகள் நடுத் தாமரையை நோக்கிச் சாய்ந்து நிற்கும். இடைவெளியில் மாங்காய் வடிவங்கள், மீன், மயில், படகு, பல்லக்கு, சீப்பு, பாக்குவெட்டி முதலியன காணப்படும். கோயில் தேரும் வீட்டுப் பாக்குவெட்டியும் ஒரே துணியில் ஒத்த மதிப்புடன் விளங்குதல் இக்கலையின் தனிச்சிறப்பு. பயன்பாட்டிற்கு ஏற்பப் பெயர்களும் வேறுபடும். குளிர்காலத் தடித்த போர்வை 'லேப்'. விழாக் காலத்து விரிப்பு 'சுஜனி'. நூல்களையும் அரும்பொருள்களையும் பொதிந்து வைப்பது 'பைட்டன்'. கண்ணாடியும் சீப்பும் சுற்றிவைப்பது 'ஆர்ஷிலதா'.

காந்தா தைத்த பெண்களுள் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் விலைக்குத் தைக்கவில்லை. மகளுக்கும் பேரனுக்கும் தைத்தார்கள். ஆகையால் பெயர் பொறிக்கும் தேவை எழவில்லை. அரிதாகச் சிலர் பெயர் பொறித்தனர். அவர்களுள் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த மானதாசுந்தரி தாசி என்பவர். அவர் தம் தந்தைக்காகத் தைத்த காந்தாவில் தம் பெயரையும் ஊசியாலேயே எழுதினார். பெண்கல்வி அரிதாயிருந்த அக்காலத்தில், ஒரு மகள் நூலிழையால் தன் பெயர் எழுதித் தந்தையிடம் கொடுத்த அச்செயலை எண்ணும்தோறும் உள்ளம் நெகிழ்கிறது. அப்போர்வையைத் தேடிக் காத்தவர் குருசதய தத்தர் (1882–1941). அவர் ஆங்கில ஆட்சியில் உயர் பதவி வகித்தவர். சிற்றூர்கள்தோறும் சென்று நாட்டுப்புறக் கலைப்பொருள்களைத் திரட்டியவர். அவர் திரட்டியவை கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

காந்தா இலக்கியத்திலும் இடம் பெற்றது. கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட 'நக்சி காந்தார் மாட்' என்னும் கதைப்பாட்டில், கணவனைப் பிரிந்த சாஜு என்னும் பெண், தாங்கள் இருவரும் வாழ்ந்த வாழ்க்கையை ஒரு போர்வையில் தைக்கிறாள். தான் இறந்தபின் அதனைத் தன் கல்லறைமீது விரிக்குமாறு தாயிடம் வேண்டுகிறாள். சொல்லால் சொல்ல இயலாத துயரை ஊசி சொல்லிற்று.

ஆலைத்துணி மலிந்தபின் இக்கலை தளர்ந்தது. தாகூரின் மருமகள் பிரதிமா தேவி போன்றோர் சாந்திநிகேதனத்தை அடுத்த ஸ்ரீநிகேதனத்தில் இதற்குப் புத்துயிர் ஊட்டினர். 1971-இல் வங்கதேசம் விடுதலை பெற்றபின், போரால் வாழ்விழந்த பெண்கள் பலருக்கு இத்தையலே பிழைக்கும் வழியாயிற்று. இன்று புதுப் பட்டிலும் காந்தாத் தையல் இடப்பட்டுப் பெருவிலைக்கு விற்கப்படுகிறது. அவ்விலையில் உரிய பங்கு ஊசி பிடித்த கைக்குச் சேர வேண்டும் என்பதை வாங்குவோர் மறத்தலாகாது.

இங்கே என் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைக் கூற விரும்புகிறேன். எங்கள் பாட்டியார் பழைய வேட்டிகளையும் தம் நூற்புடைவைகளையும் சேர்த்து ஒரு விரிப்புத் தைத்து வைத்திருந்தார். என் உடன்பிறந்தார் அனைவரும் அதிலே கிடந்து வளர்ந்தோம். நான் பள்ளியில் படித்தபோது ஒருநாள் என் தோழன் வீட்டிற்கு வந்தான். ஒட்டுப் போட்ட அவ்விரிப்பை அவன் காணலாகாது என்று கூச்சமுற்று, அதனைச் சுருட்டி மறைத்தேன். தோழன் சென்றபின் பாட்டியார் அதனை என் எதிரே விரித்து, "இது உன் தாத்தா வேட்டி, கண்ணு. இது உன் அப்பா பிறந்தபோது நான் கட்டியிருந்த புடைவை" என்று ஒவ்வொரு துண்டாகத் தொட்டுக் காட்டினார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பாட்டியார் மறைந்தபின், தெருவில் வந்த பாத்திரக்காரரிடம் பழந்துணிகளோடு அவ்விரிப்பையும் கொடுத்து ஓர் எவர்சில்வர் கிண்ணம் வாங்கினோம். பல ஆண்டுகள் கழித்துக் கொல்கத்தாவில் கண்ணாடிப் பேழைக்குள் காந்தா ஒன்றைக் கண்டபோது, நாங்கள் எதனை விற்றோம் என்பது எனக்கு விளங்கிற்று. கிண்ணம் இன்றும் வீட்டில் இருக்கிறது.

மாணவர்களே! இக்கலையை நீங்களும் உங்கள் இல்லத்தில் பயிலலாம். ஆண்மக்களுக்கும் இது தகும். துவைத்து உலர்ந்த பழம்பருத்தித் துணியில் ஒரே அளவான மூன்று துண்டுகள் எடுங்கள். தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருக்கமின்றி விரித்து, ஓரங்களில் சிறு பாரம் வையுங்கள். நடுவிலிருந்து ஓரம் நோக்கி, அடுக்குகள் நழுவாதபடி நீண்ட தையல்கள் இடுங்கள். இவற்றைப் பின்னர்ப் பிரித்துவிடலாம். உங்கள் வீட்டு முற்றத்துக் கோலத்தையோ, வாசல் மரத்தையோ பென்சிலால் மெல்ல வரைந்து, ஓட்டுத்தையலால் அதனைத் தொடருங்கள். நூலை இறுக்கி இழுத்தல் வேண்டா. இழுத்தால் துணி கோணும். இறுதியில் ஓரங்களை உள்மடித்துத் தைத்து முடியுங்கள். முதலில் கைக்குட்டை அளவில் செய்தல் நன்று.

தொடங்குமுன், அத்துணி யார் உடுத்தது, எந்நாளில் வாங்கியது என்று வீட்டுப் பெரியோரைக் கேளுங்கள். தைத்து முடித்தபின், ஒரு மூலையில் உங்கள் பெயரையும் ஆண்டையும் நூலால் எழுதுங்கள். மானதாசுந்தரி எழுதியதால் அன்றோ, இன்று நாம் அவரை அறிகிறோம்!