பீரோவை இழுத்தால் மரத்தரை என்னாகும்? கீறல் விழாமல் நகர்த்துவது எப்படி?

'ஒரு அடிதானே, தள்ளிடலாம்' என்று பீரோவை இழுத்த பிறகுதான் தரையில் கோடு தெரியும். வாடகை வீடு என்றால் அட்வான்ஸிலும் கை வைத்துவிடுவார்கள்.

கீறல் ஏன் விழுகிறது?

100 கிலோ பீரோவின் மொத்தப் பாரமும் நான்கு சிறிய கால்களில்தான் இறங்குகிறது. அந்தக் கால்களுக்கு அடியில் மணல் சிக்கினால் போதும், இழுக்கும் தூரம் முழுக்கக் கோடுதான்.

எந்தத் தரை என்று பாருங்கள்

அசல் மரப்பலகை என்றால் மேலாகத் தேய்த்து மறுபடி பாலிஷ் போடலாம். லேமினேட்டில் அது நடக்காது. அங்கே கண்ணுக்குத் தெரியும் மரம், அச்சிட்ட காகிதம்தான். அதன்மேல் மெல்லிய பூச்சு. ஆழமாகக் கீறினால் அந்தப் பலகையையே மாற்ற வேண்டியிருக்கும்.

என்ன செய்யணும்?

* முதலில் பீரோவைக் காலி செய்து கதவைப் பூட்டுங்க.

* போகும் வழியை நல்லா பெருக்குங்க. தண்ணி ஊத்திக் கழுவ வேண்டாம். லேமினேட் ஊறி உப்பிடும்.

* இரண்டு பேர் ஒரு பக்கத்தைத் தூக்க, மூன்றாவது ஆள் மடித்த கம்பளியைக் கால்களுக்கு அடியில் விடணும். மறுபக்கமும் அப்படியே. பிறகு ஒருவர் பீரோ சாயாமல் பிடித்துக்கொள்ள, கம்பளியோடு மெதுவா இழுங்க.

* சக்கர டிராலி என்றால், வழி நெடுக பிளைவுட் போட்டு அதன்மேல் உருட்டுங்க.

* இடம் சேர்ந்ததும் கால்களுக்கு ஃபெல்ட் பேட் ஒட்டுங்க. அதிலும் மணல் சேரும். அவ்வப்போது பார்த்து மாத்தணும்.

குடிவரும் நாளிலேயே தரையை போட்டோ எடுத்து வைத்தால், பழைய கீறலுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்காது.