சாவி கையில் இருந்தால் கார் உங்களுடையதா? மலேசியாவில் வேலை செய்யும் வெளிநாட்டவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

நீங்கள் சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வேலைக்காக கோலாலம்பூர் வந்து ஆறு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வீடு பிரிக்பீல்ட்ஸில், வேலை கிள்ளான் பக்கம் ஒரு தொழிற்பேட்டையில். கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறினால் கிள்ளான் வரை போய்விடலாம். அங்கிருந்து கம்பெனிக்கு தினமும் கிராப் பிடிக்க வேண்டும்.

அப்போது யாராவது சொல்வார்கள்: "ஃபிரெண்டோட மைவி ஒண்ணு இருக்கு. லோன் அவர் பேர்லயே இருக்கட்டும். மாசா மாசம் காசு கட்டி நீங்க ஓட்டிக்கோங்க."

கேட்க நல்லாதான் இருக்கும். ஆனால் இதில் நீங்கள் கட்டிய பணம் மொத்தமும் போகலாம், சட்டச் சிக்கலும் வரலாம். ஏன் அப்படி? முறையாக வாங்குவது எப்படி?

'சம்போங் பாயார்' என்றால் என்ன?

மலாயில் இதற்கு 'தொடர்ந்து கட்டுவது' என்று பொருள். ஒருவர் வங்கிக் கடனில் வாங்கிய காரை, பெயர் மாற்றாமலேயே இன்னொருவர் எடுத்து ஓட்டுவார். மீதித் தவணையையும் அவரே கட்டுவார். வெளிநாட்டவர்களுக்கு கார் கடன் எளிதில் கிடைப்பதில்லை என்பதால் பலருக்கு இது சுலபமான வழியாகத் தெரிகிறது.

மலேசியாவில் கார் கடன்கள் 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் வருகின்றன. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. கடைசித் தவணை கட்டும் வரை கார் வங்கியுடையது. கடன் வாங்கியவர் அதை வாடகைக்கு எடுத்தவர் மாதிரிதான். வங்கியை ஏமாற்றும் விதமாக அவர் காரை விற்றாலோ கைமாற்றினாலோ, அந்தச் சட்டத்தின் 38ஆவது பிரிவின்படி 30,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இதில் உங்கள் நிலை என்ன? அடுத்தடுத்து இரண்டு தவணைகள் தவறினால், வங்கி 21 நாள் அவகாசம் தரும் நோட்டீஸ் அனுப்பிவிட்டு காரைப் பறிமுதல் செய்யலாம். அந்த நோட்டீஸ் கடன் வாங்கியவருக்குத்தான் போகும். நீங்கள் மாதாமாதம் கொடுத்த பணத்தை அவர் வங்கியில் கட்டாமல் விட்டிருந்தால், ஒரு நாள் காலையில் பார்க்கிங்கில் கார் இருக்காது. "காடியை இழுத்துட்டாங்க" என்பார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். போலீசில் புகார் கொடுக்கப் போனாலும், கார் உங்களுடையது என்று காட்ட ஒரு தாள்கூட உங்களிடம் இருக்காது.

வெளிநாட்டவர் பெயரில் கார் வாங்க முடியுமா?

முடியும். பதிவு செய்வது சாலைப் போக்குவரத்துத் துறை, அதாவது எல்லாரும் சொல்லும் ஜேபிஜே. பாஸ்போர்ட்டும் செல்லுபடியாகும் பாஸும் வேண்டும்.

ஆனால் எல்லா பாஸும் ஒன்றல்ல. நிபுணர்களுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் வேறு. தொழிற்சாலை, தோட்டம், உணவகத் தொழிலாளர்களுக்கான 'பிஎல்கேஎஸ்' தற்காலிகப் பாஸ் வேறு. அதனால் யாரிடமும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் பாஸைக் காட்டி ஜேபிஜே கவுண்டரில் கேட்டுவிடுங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு வங்சா மாஜு கிளை, கிள்ளான், ஷா ஆலம் பக்கம் இருப்பவர்களுக்கு பாடாங் ஜாவா கிளை.

லைசென்ஸையும் மறக்காதீர்கள். இந்தியாவில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஓர் ஆண்டுக்குத்தான். வெளிநாட்டு லைசென்ஸை மலேசிய லைசென்ஸாக மாற்றும் விதிகளும் 2025 மே 19 முதல் இறுக்கப்பட்டுள்ளன. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் விபத்தில் சிக்கினால், காப்புறுதி நிறுவனம் இழப்பீடு தர மறுக்கலாம்.

கடனா, ரொக்கமா?

மலேசியர்கள் கார் கடனை 9 ஆண்டு வரை இழுக்கலாம். வெளிநாட்டவருக்கு வங்கிகள் பொதுவாகப் பாஸின் காலத்தைப் பார்த்துத்தான் கடன் காலத்தை முடிவு செய்கின்றன. அதிக முன்பணமோ உள்ளூர் ஜாமீன்தாரரோ கேட்பதும் உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 45,000 ரிங்கிட் கடன். வட்டியை விட்டுவிட்டால், 9 ஆண்டில் கட்ட மாதம் சுமார் 417 ரிங்கிட். அதே கடனை 2 ஆண்டில் முடிக்க மாதம் 1,875 ரிங்கிட். அலுவலகத்தில் பக்கத்து சீட்டில் இருக்கும் மலேசிய நண்பர் வாங்கிய அதே கார், அதே சம்பளத்தில் உங்களுக்குக் கட்டுப்படியாகாமல் போவது இதனால்தான். பழைய சாகாவோ மைவியோ ரொக்கத்துக்கு வாங்குவது பலருக்கு சரிப்பட்டு வரும்.

பழைய கார் வாங்கும்போது என்னென்ன செய்யணும்?

1. கடன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். கடன் உள்ள காரில் வங்கியின் உரிமைக் கோரிக்கை ஜேபிஜேயில் பதிவாகியிருக்கும். அது நீங்கும் வரை பெயர் மாறாது. சம்மன் பாக்கியால் கறுப்புப் பட்டியலில் இருந்தாலும் சிக்கல்தான்.

2. உங்களுக்குத் தெரிந்த வொர்க்‌ஷாப் ஃபோர்மேனிடம் காரைக் காட்டுங்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா, கிள்ளான் பகுதிகளில் ஏராளமான கார்கள் மூழ்கின. கம்பளத்துக்கு அடியில் சேறு, சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தால் தெரியும் கறை, இதையெல்லாம் பார்க்கச் சொல்லுங்கள்.

3. புஸ்பாகோம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் 'பி5' சோதனை செய்ய வேண்டும். இன்ஜின் எண், சேசிஸ் எண் பதிவோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் இதன் முக்கிய வேலை. பி5 பாஸானால் கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

4. உங்கள் பெயரில் காப்புறுதி எடுங்கள். "இன்சூரன்ஸ் வருஷத்துக்கு 900 வெள்ளிதான்" என்று விற்பவர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். பல ஆண்டுகள் இழப்பீடு கோராதவருக்கு 55 சதவீதம் வரை தள்ளுபடி கிடைக்கும். அந்தத் தள்ளுபடி காருக்கு இல்லை, ஆளுக்கு. புதிதாகத் தொடங்கும் உங்களுக்கு அதே காப்புறுதி 2,000 வெள்ளி வரை ஆகலாம்.

5. விற்பவரும் நீங்களும் ஜேபிஜேயில் பெயர் மாற்றத்தை முடியுங்கள். கவுண்டரில் விற்பவர் கைரேகை வைக்க வேண்டும். காருக்கான கட்டணம் 100 ரிங்கிட். முழுப் பணத்தை இந்தக் கட்டத்தில் கொடுப்பதே பாதுகாப்பு.

6. சாலை வரி கட்டுங்கள். தீபகற்ப மலேசியாவில் 1.3 லிட்டர் மைவிக்கு ஆண்டுக்கு 70 ரிங்கிட், 1.5 லிட்டருக்கு 90 ரிங்கிட்.

ஊருக்குத் திரும்பும்போது?

வேலை முடிந்து நாடு திரும்பப் போகிறீர்கள் என்றால், உங்கள் முதலாளி 30 நாட்களுக்கு முன்பே உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வரிக் கணக்கு முடியும் வரை உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தை அவர் நிறுத்தி வைக்க நேரிடும். அந்தக் கடைசிச் சம்பளத்தை வைத்து கார் கடனை அடைக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

கடன் அடைத்த பிறகு வங்கி தன் கோரிக்கையை நீக்க நாளாகும். விற்கும்போது நீங்களும் நேரில் தேவைப்படுவீர்கள். எனவே விமான டிக்கெட்டுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே விற்பனையைத் தொடங்குங்கள். பெயர் மாற்றாமல் நண்பரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினால், அவர் வாங்கும் சம்மன் உங்கள் பெயரில்தான் சேரும்.

ஏற்கெனவே அடுத்தவர் பெயரில் உள்ள காரை ஓட்டுகிறீர்களா?

கடன் வாங்கியவரோடு வங்கிக்குப் போய், கடனை முடிக்க மொத்தம் எவ்வளவு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அவர் வர மறுத்தால், அடுத்த மாதத் தவணையை அவர் கையில் கொடுப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.