பாம்பு இருமுமா? வளர்ப்புப் பாம்பின் மூச்சுச் சத்தம் சொல்லும் செய்தி

படிவம் 4 உயிரியலில் சுவாச மண்டலப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: பாம்பு இருமுமா? பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் யோசிப்பார்கள். நம்மைப்போல் பலமாக இருமிச் சளியை வெளியே தள்ள பாம்பால் முடியாது என்பதுதான் பதில். அது ஏன் முடியாது என்று புரிந்துகொண்ட மாணவருக்கு அந்தப் பாடத்தில் பாதி புரிந்த மாதிரிதான்.

பாடநூலில் பூச்சி, மீன், தவளை, மனிதன் என நால்வகை சுவாச மண்டலங்கள் வருகின்றன. பாம்பு அதில் இல்லை. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடி வீடுகளில் பால் பைதன், கார்ன் ஸ்னேக் போன்ற பாம்புகளை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வகுப்பிலேயே ஒருவர் இருக்கலாம். நாய்க்கோ பூனைக்கோ உடம்பு சரியில்லை என்றால் முகமே சொல்லிவிடும். பாம்புக்கு முகபாவம் கிடையாது. வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பதும் அதற்குப் பல நேரம் சாதாரணம்தான். அதனால் நுரையீரலில் நோய் வந்தால் வளர்ப்பவருக்கு முதலில் கிடைக்கும் தடயம் பெரும்பாலும் சத்தம்தான். அதைக் கோபம் என்று நினைத்து விட்டுவிட்டால் காலம் கடந்துவிடும்.

முதலில் உடலமைப்பைப் பாருங்கள். நீங்கள் ‘டியாஃப்ராக்மா’ என்று படிக்கும் உதரவிதானம் பாம்புக்கு இல்லை. விலா எலும்புகளை அசைக்கும் தசைகள்தான் உடற்கூட்டை விரித்துச் சுருக்கிக் காற்றை இழுத்து வெளிவிடுகின்றன. பெரும்பாலான பாம்புகளில் வலது நுரையீரல் மட்டுமே முழுதாக வேலை செய்யும். இடது மிகச் சிறியதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. மலைப்பாம்பு வகைகளில் மட்டும் இடதும் ஓரளவு பெரியது. அந்த நீண்ட நுரையீரலிலும் முன்பகுதியில்தான் இரத்தக் குழாய்கள் நிறைந்து வாயுப் பரிமாற்றம் நடக்கிறது. பின்பகுதி வெறும் காற்றுப் பைதான்.

அப்படியானால் இரையைச் சுற்றி நெருக்கும்போது அது எப்படி மூச்சு விடுகிறது? 2022இல் அமெரிக்க ஆய்வாளர்கள் போவா பாம்பின் உடலில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிச் சோதித்தார்கள். இறுக்கப்பட்ட பகுதியின் விலா எலும்புகள் நின்றுவிட, வேறு பகுதியின் விலா எலும்புகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. விழுங்கும்போதும் வழி உண்டு. வாயின் அடித்தளத்தில் இருக்கும் குரல்வளைத் துளையை (குளோட்டிஸ்) பாம்பு குழாய்போல் முன்னே நீட்டி, வாய் நிறைய இரை இருக்கும்போதே மூச்சு விடும்.

இவ்வளவு நேர்த்தியான அமைப்பில் ஒரு பலவீனமும் உண்டு. சளி சேர்ந்தால் அதை வேகமாக வெளியே தள்ள உதரவிதானம் இல்லை. நுரையீரலோ அடிப்பக்கம் மூடிய நீளமான பை. சளி கீழே இறங்கித் தேங்கிவிடும், கிருமிக்கு அது நல்ல வசதி.

இனி சத்தங்களுக்கு வருவோம். சீற்றம் நோயல்ல. நுரையீரலின் காற்றைக் குரல்வளைத் துளை வழியே வேகமாகத் தள்ளுவதுதான் சீறல். நம் காடுகளில் வாழும் ராஜநாகம் சீறுவதோடு நிற்காமல் நாய் உறுமுவதுபோலவே உறுமும். அதன் மூச்சுக்குழாயை ஒட்டியுள்ள பைகள் சத்தத்தைத் தாழ்த்திக் கனமாக்குகின்றன. தொந்தரவு செய்தால் வந்து, விட்டால் நிற்கும் சத்தம் என்றால் பயப்பட வேண்டாம். சட்டை உரிக்கும் நாள்களில் மூக்குத் துளையோரம் பழைய தோல் தளர்ந்து விசில் மாதிரி மெல்லிய சத்தம் வரலாம். சட்டை முழுதாகக் கழன்றதும் அது போய்விட வேண்டும். கழன்ற பிறகும் நீடித்தால்தான் சந்தேகம்.

ஓய்வாகப் படுத்திருக்கும்போதே ஒவ்வொரு மூச்சுக்கும் ‘க்ளிக்’ என்றோ, ஈரமான ‘களகள’ என்றோ, இரைப்பாகவோ கேட்டால் அது வேறு கதை. அதோடு வாயோரம் நுரை, பிசுபிசுப்பான எச்சில், வாயைத் திறந்தே மூச்சு விடுதல், தலையை மேலே தூக்கி வைத்திருத்தல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது. வாய் திறந்து மூச்சு விடும் நிலை ஆரம்ப நிலை அல்ல.

ஏன் வருகிறது? நம் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது ஏர்கோனைத்தான். பாம்பு தன் உடல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து பெறும் உயிரி. அதன் நோய் எதிர்ப்பாற்றலும் வெப்பத்தைப் பொறுத்தது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைதனுக்குக் கூண்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 32 பாகை செல்சியஸ், மறுபக்கம் 26 பாகை வேண்டும். இரவு முழுக்க 20 பாகையில் ஏர்கோன் ஓடும் அறையில் சூடேற்றி இல்லாமல் வைத்தால் கிருமியை எதிர்க்கும் வேலையே மந்தமாகிவிடும். இன்னொரு பக்கம், ‘நம்ம நாடு சூடுதானே’ என்று காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் பெட்டியில் ஈரக் காகிதத்தோடு அடைத்து வைப்பதும் தவறு. கழிவிலிருந்து வரும் அம்மோனியா மூச்சுப்பாதையை அரிக்கும், பாக்டீரியாவும் பெருகும். பாம்பு உண்ணியையும் கவனியுங்கள். வைரஸும் காரணமாகலாம்: மலைப்பாம்புகளின் நுரையீரலைத் தாக்கும் நிடோவைரஸ் 2014இல் அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் விவரிக்கப்பட்டது. புதுப் பாம்பை வாங்கினால் பழைய பாம்போடு சேர்க்காமல் மூன்று மாதமாவது தனி அறையில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

பாம்புக்குப் பால் ஊற்றும் வழக்கம் பற்றியும் சொல்லியாக வேண்டும். புற்றுக்குப் பால் வார்ப்பது நம்பிக்கை, அதில் நான் நுழையவில்லை. ஆனால் உயிருள்ள பாம்பின் வாயில் பால் ஊற்றுவது வேறு. பாலைச் செரிக்க அதனால் முடியாது. குரல்வளைத் துளை வாயின் தரையிலேயே இருப்பதால் ஊற்றியது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம். வீட்டில் ஊசிக்குழலால் மருந்தை வாயில் பீய்ச்சுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது.

வீட்டில் மிச்சமிருக்கும் மனித ஆன்டிபயோட்டிக்கைக் கொடுக்கவே வேண்டாம். பாம்பின் வளர்சிதை மாற்றம் மெதுவானது. செப்டாசிடிம் என்ற மருந்தைப் பாம்புக்கு மூன்று நாளுக்கு ஒரு முறைதான் ஊசியாகப் போடுவார்கள். நமக்கோ ஒரே நாளில் இரண்டு, மூன்று முறை. வைரஸாக இருந்தால் இந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது. சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து, கூண்டின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். உரிமத்தையும் மறக்க வேண்டாம்: உள்ளூர் மலைப்பாம்பு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் (சட்டம் 716) கீழ் பாதுகாக்கப்பட்டது. உரிமமில்லாமல் வளர்ப்பது குற்றம். மற்ற இனங்களுக்கும் வாங்குவதற்கு முன்பே பெர்ஹிலித்தானிடம் விசாரியுங்கள்.

வகுப்புக்கு ஓர் உயர்நிலைச் சிந்தனை வினா: ‘நுரையீரலில் சளி தேங்கினால் மனிதனைவிடப் பாம்பு அதிகம் பாதிக்கப்படுவது ஏன்?’ மூன்று புள்ளிகளுக்கு மதிப்பெண் கொடுங்கள். உதரவிதானம் இல்லாததால் வலுவான இருமல் இல்லை. பெரும்பாலான பாம்புகளில் ஒரே நுரையீரல்தான் முழுதாக இயங்குகிறது, அதிலும் முன்பகுதியில்தான் வாயுப் பரிமாற்றம் நடப்பதால் பரப்பளவு குறைவு. சுற்றுப்புறம் குளிர்ந்தால் நோய் எதிர்ப்பும் குறைகிறது. ‘பாம்புக்கு நுரையீரல் சின்னது’ என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் இல்லை, ஏனென்றால் அது உடலின் பெரும்பகுதிக்கு நீண்டு கிடக்கிறது.