உருவம் ஒன்று, குரல் இரண்டு

இரட்டைப் பிள்ளைகளில் யார் மூத்தவர், யார் இளையவர் என்று தெரியாமல் நீங்கள் திகைத்ததுண்டா? பறவைகளை ஆராய்வோருக்கும் இத்தகைய சோதனை உண்டு. இங்கிலாந்தில் இளவேனிற் காலத்தில் கூடுகட்டும் சிஃப்சாஃப், வில்லோ கதிர்க்குருவி ஆகிய இரண்டும் அப்படிப்பட்டவை. இரண்டுக்கும் நீளம் சுமார் 11 செ.மீ. முதுகு பசுமை கலந்த பழுப்பு, வயிறு வெளிர்நிறம். இரண்டும் இலைகளுக்கிடையே ஓயாது தாவிப் பூச்சிகளைப் பிடித்துண்ணும்.

இவற்றைப் பலரும் ஒன்றாகவே எண்ணி வந்தனர். செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் என்ற மதகுரு, இவற்றின் பாட்டைக் கூர்ந்து கேட்டார். உடல்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். இவ்விரண்டும், இவற்றைப் போன்ற மற்றொன்றும் சேர்ந்து மூன்று தனித்தனி இனங்கள் என்று 1768ஆம் ஆண்டில் ஒரு கடிதத்தில் எழுதினார்.

சிஃப்சாஃப் தன் பெயரையே பாடுகிறது. 'சிஃப், சாஃப்' என்று இரண்டு சுரங்களை மாற்றி மாற்றி ஒலிக்கும். காசுகளை எண்ணிப் போடுவது போலிருக்கும். வில்லோ கதிர்க்குருவியின் பாட்டோ உயர்ந்த சுரத்தில் தொடங்கி, படிப்படியாக இறங்கித் தேய்ந்து மறையும்.

இந்த வேறுபாடு நமக்கு மட்டும் பயன்படுவதன்று. ஆண் பறவை பாடித்தான் தன் இடத்தை உரிமை கொண்டாடுகிறது, துணையையும் அழைக்கிறது. பெண் பறவை தன் இனத்தின் பாட்டை அறிந்து வருகிறது. ஆகவே அருகருகே வாழ்ந்தும் இரண்டு இனங்களும் பெரும்பாலும் கலப்பதில்லை. தோற்றம் ஒத்திருப்பதால் மட்டும் உயிர்கள் ஓரினம் ஆகிவிடுவதில்லை. தமக்குள் இணைந்து சந்ததி பெருக்குகின்றனவா என்பதே முக்கியம்.

கூர்ந்து நோக்கினால் உடலிலும் வேறுபாடு தெரியும். வில்லோ கதிர்க்குருவி குளிர்காலத்தில் சகாரா பாலைவனத்தைக் கடந்து ஆப்பிரிக்காவின் தென்பகுதி வரை செல்லும். நெடும்பயணத்துக்கேற்ப அதன் சிறகு நீண்டு கூராக உள்ளது. சிஃப்சாஃப் பறவைகளில் பல மத்தியதரைக் கடலோரத்திலேயே தங்கிவிடுகின்றன; சில இங்கிலாந்தைவிட்டே போவதில்லை. அவற்றின் சிறகு குட்டை. நுனி சற்று வட்டம். கால்களும் பெரும்பாலும் கருமையானவை. மற்றதன் கால்கள் பொதுவாக வெளிர்பழுப்பு.

இவற்றின் உறவினரான சில கதிர்க்குருவிகள் குளிர்காலத்தில் நம் நாட்டு மரங்களுக்கும் வருகின்றன. அவற்றிலும் ஒன்றையொன்று ஒத்தவை உண்டு. இலைகளுக்குள் ஒரு சிறு பறவை ஒளிந்துகொண்டால், உடனே கல் எறிந்து விரட்டாதீர்கள். சற்று நின்று, அதன் குரலைக் கேட்டு, குறித்துக்கொள்ளுங்கள். கண் காணாததைக் காது காட்டிக்கொடுக்கும்.