போகிற வழியில் இறங்கிய விமானம்

1937 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரில், கொலம்பியா ஆற்றங்கரை ராணுவத் திடலில், மழைக்கு நடுவே ஒரு சோவியத் விமானம் வந்து இறங்கியது. (கனடாவின் வான்கூவர் வேறு. இரண்டு ஊருக்கும் பெயர் தந்த மாலுமி மட்டும் ஒருவரே.)

மாஸ்கோவில் கிளம்பி, வட துருவத்தைக் கடந்து, எங்கும் இறங்காமல் 63 மணி நேரம் பறந்து வந்த ஏஎன்டி-25 அது. எஞ்சின் ஒன்றுதான், இறக்கை விரிவோ 34 மீட்டர். உள்ளே வலேரி ச்கலோவ், பைதுகோவ், பெல்யகோவ் என மூவர். அவர்கள் இலக்கு கலிபோர்னியா. எரிபொருள் குறைந்துபோனதால், வழியிலிருந்த ஆரிகன் மாநிலத்திலேயே வடக்கே திரும்பினார்கள். ஆற்றுக்கு அக்கரையில் போர்ட்லாந்து நகரம் இருந்தும், கூட்டத்தைக் கட்டுப்படுத்த வசதியான ராணுவத் திடலே தேர்வானது. அங்கிருந்த ராணுவ முகாமின் தளபதி தன் வீட்டையே அவர்கள் குளிக்கவும் தூங்கவும் திறந்துவிட்டார். பின்னாளில் மார்ஷல் திட்டத்துக்குப் பெயர் தந்த அதே ஜார்ஜ் மார்ஷல்தான் அவர். கம்யூனிஸ்ட் விமானிகளுக்கு அமெரிக்கத் தளபதி வீட்டில் படுக்கை! பத்தே ஆண்டுகள் கழித்து இதை யாரும் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார்கள்.

இந்தத் திடலுக்கு விருந்தாளிகள் புதிதல்ல. 1905இல் போர்ட்லாந்து கண்காட்சியிலிருந்து லிங்கன் பீச்சி என்ற பதினெட்டு வயதுப் பையன் ஆகாயக் கப்பலில் ஆற்றைத் தாண்டி இங்கே வந்திறங்கினான். முதல் உலகப் போரில் விமானங்களுக்கான ஸ்ப்ரூஸ் மரத்தை அறுக்கும் பெரிய ஆலை இதே இடத்தில் ஓடியது. 1924இல் பந்தயப் பயிற்சியில் இறந்த லெப்டினன்ட் அலெக்சாண்டர் பியர்சனின் பெயரை அடுத்த ஆண்டு இந்தத் திடலுக்குச் சூட்டினார்கள்.

இன்று பியர்சன் ஃபீல்டு நகராட்சியின் விமான நிலையம். பயணிகள் விமானம் கிடையாது. சுமார் 3,275 அடி ஓடுபாதை, தனியார் சிறு விமானங்கள், அவ்வளவுதான். அக்கரையில் போர்ட்லாந்தின் பெரிய விமான நிலையம் இருப்பதால், இங்குள்ள விமானிகள் வானத்திலும் ஒதுங்கியே போக வேண்டியிருக்கிறது. தரையிலும் நெருக்கடிதான். 1972இல் நகராட்சி நிலத்தின் ஒரு பகுதியை தேசியப் பூங்காத் துறைக்கு விற்றது; முப்பது ஆண்டில் விமானங்கள் காலிசெய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. 1996இல் நாடாளுமன்றம் இந்த வட்டாரத்தை வரலாற்றுக் காப்பிடமாக்கியபோது விமான நிலையமும் தப்பியது.

மாஸ்கோ திரும்பிய ச்கலோவ், 1938 டிசம்பரில் ஒரு சோதனைப் பறப்பில் இறந்துபோனார். அவர் இறங்கிய ஊரில் 1975இல் நினைவுச் சின்னம் எழுந்தது. பனிப்போர் அப்போதும் முடிந்திருக்கவில்லை.