ஏலத்தில் எடுத்த காருக்குப் பெயர் மாற்றுவது எப்படி?

"ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்!" என்ற குரலோடு ஏலம் முடிகிறது. மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதலான வண்டிகளைத் திருச்சிக் காவல்துறை இப்படித்தான் விற்கிறது. ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டுக் காரை ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்திவிடலாம். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் பழைய பெயர்தான் இருக்கும். அதை மாற்றித் தருவது, டி.என். 48 என்ற எண் வழங்கும் ஸ்ரீரங்கம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்.

வழக்கமான விற்பனையில் 29, 30 எண் படிவங்களில் விற்பவரும் கையெழுத்துப் போடுவார். வண்டியைப் பறிகொடுத்தவர் அதற்கு வருவாரா? அவர் சிறையில் இருக்கலாம், தலைமறைவாகவும் இருக்கலாம். அந்தக் கையெழுத்துக்கு ஈடாக ஏல அதிகாரியின் உத்தரவை ஏற்கிறது, 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 57ஆவது விதி.

வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள் 32ஆம் எண் படிவத்தைக் கொடுக்க வேண்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ், விற்பனையை உறுதிசெய்து ஏல அதிகாரி கையெழுத்திட்ட உத்தரவு, ஏலத்துக்கு அனுமதி தந்த அரசாணையின் சான்றிட்ட நகல் ஆகியவற்றையும் இணைக்க வேண்டும்.

கடத்தலில் சிக்கிய காரின் நம்பர் பிளேட்டே போலியாக இருந்தால்? அதற்கும் அதே விதியில் வழி உண்டு. ஏலம் விட்ட அரசுத் துறையின் பெயரில் முதலில் புது எண் வழங்கப்படும். அதன்பிறகே அது வாங்கியவர் பெயருக்கு மாறும்.

தவணை தவறியதால் வங்கி கைப்பற்றி விற்கும் காருக்கு இந்த வழி பொருந்தாது. 57ஆவது விதி அரசு ஏலத்துக்கு மட்டுமே. கடன் வாங்கியவர் ஆர்.சி.யைத் தராவிட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆவது பிரிவுப்படி வங்கி 36ஆம் எண் படிவம் கொடுத்துத் தன் பெயரில் புதிய ஆர்.சி. வாங்கலாம். பழைய உரிமையாளருக்கு நோட்டீஸ் போன பிறகே அது கிடைக்கும். பிறகு வங்கியே விற்பவராக 29, 30 படிவங்களில் கையெழுத்திடும்.

வேறு மாநில வண்டி என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வேண்டும், தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது. அவற்றை உடைக்கத்தான் முடியும், ஓட்ட முடியாது.

பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவது ஆபத்து. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், பல கை மாறிய கார் விபத்தில் சிக்கியிருந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம்.

ஆகவே ஏலத்தில் கை தூக்கும் முன்பே சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டி மீது கடன் பதிவாகியுள்ளதா, பதிவுக் காலம் எதுவரை என்ற இரண்டையும் மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் சரிபாருங்கள். விற்பனை உத்தரவைக் கையில் வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.